கணவாயின் பழைய சாலை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் எழில்மிகு மலைக்கணவாய்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ஆனால் கட்டுரை முழுவதும் காரின் முன் இருக்கையில் அமர்ந்தபடியே எழுதப்பட்டிருந்தது. எத்தனை வளைவுகள், எவ்வளவு நேரத்தில் கடக்கலாம், எங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்பதோடு அது முடிந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணவாய்களை நடந்தும் மிதிவண்டியிலும் கடந்து வருபவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்டதைச் சொல்லவும், அதை ஒட்டி ஒரு கோரிக்கையை முன்வைக்கவும் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

அதற்கு முன் ஒரு நன்றியைச் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்ந்த கணவாயின் உச்சியில் தூறல் பிடித்துக்கொண்டது. மூன்று மணி நேர ஏற்றத்தில் சட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. காற்றுத்தடுப்பு மேலாடையை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எதிரே இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான இறக்கம். பையில் மடித்து வைத்திருந்த தங்கள் நாளிதழின் நான்கு தாள்களை எடுத்து, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பந்தய மிதிவண்டி வீரர்கள் கணவாய் உச்சியில் நிற்கும் பார்வையாளர்களிடம் செய்தித்தாளை வாங்கி இப்படித்தான் உள்ளே திணித்துக்கொள்வார்கள் என்று எப்போதோ படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. அடிவாரத்தில் தாள்களை உருவியபோது, வெள்ளை உள்சட்டையில் தலைப்பெழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. எத்தனை முறை துவைத்தும் அதில் ஒரு ‘ழ’கரம் மட்டும் இன்னும் போகவில்லை.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணவாயை உடலால் கடப்பவனுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பெரிய சோதனை என்பதைக் காரில் செல்பவர் அறிய வாய்ப்பில்லை. ஏறும்போது மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் உடல் உலைபோல் கொதிக்கிறது. இறங்கும்போது கால்களுக்கு வேலையே இல்லை. மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்று ஈரச் சட்டையின் மீது அறைகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்பதால், பள்ளத்தாக்கில் 25 டிகிரியாக இருக்கும் நாளில் 1,500 மீட்டர் மேலே 15 டிகிரிதான் இருக்கும். விரல்கள் விறைத்துப் பிரேக் பிடியை அழுத்த மறுப்பது இந்த இறக்கத்தில்தான். 1991ஆம் ஆண்டு ஆஸ்திரியா, இத்தாலி எல்லையில் டீசன்யோக் கணவாய்க்கு அருகே, 3,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், பனிக்குள் இருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணவாயை நடந்து கடந்துகொண்டிருந்த அந்த ‘ஏட்சி’ மனிதனின் காலணிக்குள் காய்ந்த புல் திணிக்கப்பட்டிருந்தது. தோலுக்கும் குளிருக்கும் நடுவே கொஞ்சம் காற்றை அடைத்து வைப்பது என்ற அதே உபாயத்தைத்தான் நான் செய்தித்தாளைக் கொண்டு செய்திருக்கிறேன்.

கணவாய் என்பது என்ன என்பதை அக்கட்டுரை ஓரிடத்திலாவது சொல்லியிருக்கலாம். மலைத்தொடரின் முகடு வழியே நடப்பவனுக்கு இரு சிகரங்களுக்கு நடுவே உள்ள மிகத் தாழ்ந்த இடம் அது. தொடரைக் குறுக்கே கடப்பவனுக்கோ வழியிலேயே மிக உயர்ந்த இடம் அதுதான். முகட்டின் இரு பக்கமும் பனியாறுகள் பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்து நடுச்சுவரைத் தேய்த்த இடங்களிலும், பிளவு ஓடி நலிந்த பாறை மற்றப் பாறையைவிட விரைவாகக் கரைந்த இடங்களிலும் கணவாய்கள் பிறந்திருக்கின்றன. பிரெஞ்சு மொழியில் இதைக் ‘கோல்’ என்கிறார்கள். கழுத்து என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லில் இருந்து வந்தது அது. ஜெர்மன் மொழியில் ‘யோக்’, அதாவது நுகம். லடாக்கிலும் திபெத்திலும் ‘லா’. நம் சொல்லுக்குள்ளே ‘வாய்’ இருக்கிறது. மலையைக் கடந்து போனவர்கள்தாம் இந்தச் சொற்களையெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. தொலைவில் நின்று பார்த்தவனுக்குச் சிகரம்தான் கண்ணில் படும்.

கணவாயின் இன்னொரு பண்பு அது நீர்ப்பிரிமேடாக இருப்பது. சுவிட்சர்லாந்தில் 2,429 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபுர்கா கணவாயின் ஒரு பக்கம் விழும் மழை ரோன் ஆற்றோடு சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. மறுபக்கம் விழுவது ராய்ஸ் ஆற்றின் வழியே ரைன் ஆற்றை அடைந்து வடகடலுக்குப் போகிறது. காரில் இருப்பவருக்கு இது பலகையில் எழுதியிருந்தால்தான் தெரியும். நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்கும் காதே சொல்லிவிடும். ஏறும்போது சாலையின் அடியில் குழாய் வழியே நம்மை எதிர்கொண்டு ஓடிவந்த நீரின் சத்தம், உச்சி நெருங்க நெருங்க மெலிந்து, ஓரிடத்தில் முற்றிலும் அடங்கி, சில நூறு மீட்டர் கழித்து மறுபுறம் நம்மோடு சேர்ந்து இறங்கத் தொடங்குவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதே ஃபுர்கா சாலையின் ரோன் பக்கத்தில் உள்ள பனியாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கீழே கிளெட்ச் பள்ளத்தாக்கின் தரைவரை நீண்டிருந்தது. இன்று அது மேலே வெகுதூரம் பின்வாங்கி, தன் முன்னே ஓர் ஏரியை விட்டுவைத்திருக்கிறது. வெறும் பாறையாகக் கிடக்கும் அந்த இடைவெளியின் அளவை, அதன் ஓரமாகவே நீண்டநேரம் மேலேறுபவனின் கால்கள் அறியும்.

உயரத்தை எந்த வேகத்தில் ஏறுகிறோம் என்பதே இங்கு வேறுபாடு. எட்டு விழுக்காடு சரிவு என்றால் நூறு மீட்டர் தூரத்துக்கு எட்டு மீட்டர் உயரம். அதில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 640 மீட்டர் மேலே போகலாம். நடப்பவர்களுக்கு ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு வகுத்துக் கொடுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத் தூரத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனோடு ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். ஆக, உயரத்தை ஏறும் வேகத்தில் நடப்பவனும் மிதிப்பவனும் அண்டைவீட்டார். அதே சரிவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரோ மணிக்கு 3,200 மீட்டர் ஏறும். அகன்ற இலை மரங்கள் ஊசியிலைக் காட்டுக்கு இடம்விடுவதும், மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி ஒரு கட்டத்தில் நின்றேபோவதும், அதற்கு மேல் புல்லும், புல்லுக்கு மேல் பாசி படர்ந்த கல்லுமாக மலை தன்னை ஒவ்வொரு படியாகக் காட்டுவதும் இருபது நிமிடத்தில் மேலே சென்றுவிடுபவருக்குக் கலங்கிய ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

இனி, தங்கள் கட்டுரையில் படமாக இடம்பெற்ற, இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்கு வருகிறேன். 2,757 மீட்டர் உயரம் கொண்ட அந்தச் சாலையை ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை அமைத்தார். பிராத்தோ ஊரில் இருந்து ஏறும் வடகிழக்குப் பக்கத்தில் 48 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. கட்டுரை இந்த எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. வளைவுகளுக்கு எண்கள் கீழிருந்து மேலாக அல்ல, 48இல் தொடங்கி ஒன்றுவரை இறங்குவரிசையில் இடப்பட்டிருக்கின்றன என்பது மிதிப்பவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அது சொல்லவில்லை. முதல் வளைவுகள் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருக்கும். காடு முடிந்ததும் மீதமுள்ள வளைவுகள் எல்லாம் எதிர்ச்சுவரில் மடித்துப்போட்ட கயிறுபோல் ஒரே பார்வையில் தென்படும். கொண்டையூசி வளைவின் உள்விளிம்பில் சரிவு மிகக் கடுமையாகவும் வெளிவிளிம்பில் ஓரளவு தணிந்தும் இருக்கும். களைத்தவன் வெளிவிளிம்பை நாடுவான். பின்னால் வண்டி வந்தால் அந்த உரிமை அவனுக்கு இல்லை.

பிரான்சில் பல கணவாய்ச் சாலைகளில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சிறு கல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது நிற்கும் உயரம் என்ன, அடுத்த ஒரு கிலோமீட்டரின் சராசரிச் சரிவு எத்தனை விழுக்காடு என்பவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு சாலையை மேற்பார்ப்பவர்கள், அதில் மோட்டார் இல்லாமல் வருபவனையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சிறிய, இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை. ஒன்பது விழுக்காடு என்று படித்ததும் கியரை முன்கூட்டியே இறக்கி, மூச்சைச் சீராக்கி, அடுத்த கல்வரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஏறலாம்.

இறக்கத்தைப் பற்றி ஒரு கணக்கையும் சொல்ல விரும்புகிறேன். மனிதன், வண்டி, சுமை எல்லாம் சேர்ந்து 85 கிலோகிராம் என்று கொண்டால், ஆயிரம் மீட்டர் ஏறியபின் அந்த எடையில் சேர்ந்திருக்கும் ஆற்றல் எட்டு லட்சம் ஜூலுக்கும் அதிகம். ஏறத்தாழ இரண்டரை லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து கொதிக்க வைக்க அது போதும். இறங்கும்போது அவ்வளவும் காற்றிலும் பிரேக்கிலும் வெப்பமாகத் தீர்ந்தாக வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு கொதித்து டியூப் வெடிக்கும். வட்டுப் பிரேக்கும் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிமானம் இழக்கும். வளைவுக்கு முன்பாகவே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்தி, நேர்ப்பகுதியில் காற்றுக்கே அந்த வேலையை விட்டுவிட வேண்டும். மழை நாளில் விளிம்புப் பிரேக் பிடித்த உடனே பற்றாது, சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி விளிம்பில் உள்ள நீரைத் துடைத்த பிறகே பற்றும் என்பதையும் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிப் பிரேக்கை விட்டுப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஒரு சுற்றுலாப் பேருந்து வளைவின் நடுவிலேயே என்னை முந்த முயன்றது. அதன் பின்பகுதி வளைவின் உட்பக்கத்தை வாரிக்கொண்டு திரும்பியது. எனக்கும் சாலையோரக் கல்வரிசைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது. கல்லில் கைப்பிடி உரசி, நான் சாய்ந்து, வண்டியோடு சரளையில் சறுக்கி நின்றேன். பேருந்து நிற்கவில்லை. முழங்கையில் இருந்து சரளையைப் பொறுக்கி எடுத்தபடி அந்தக் கல்லின் மீது உட்கார்ந்திருந்தபோதுதான், மேலே மலையின் இன்னொரு மடிப்பில் புல் மூடிக் கிடந்த பழைய பாதை ஒன்று கண்ணில் பட்டது. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்தேன். பாவியிருந்த கற்களின் நடுப்பகுதி மட்டும், பல தலைமுறைப் பொதிவிலங்குகளின் குளம்பு பட்டு, உள்ளங்கைபோல் வழவழப்பாகக் குழிந்திருந்தது. மீதி இறக்கத்தை அதன் வழியே நடந்து முடித்தேன். அன்று முதல், எந்தக் கணவாய்க்குப் போனாலும் தார்ச்சாலைக்கு முன்பு இருந்த பாதை எது என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை இழுக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வரலாற்றில் இருந்து இரண்டைச் சொல்கிறேன். ‘டூர் டி பிரான்ஸ்’ எனப்படும் பிரான்ஸ் சுற்று மிதிவண்டிப் பந்தயம் 1910ஆம் ஆண்டு முதன்முறையாக 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயைக் கடந்தபோது, உச்சியை முதலில் தொட்ட ஒக்டாவ் லப்பீஸ் வழியில் பல இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினார். அந்த ஆண்டுப் பந்தயத்தை வென்றவரும் அவரே. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே துர்மலேயின் இறக்கத்தில் யூஜின் கிறிஸ்தோஃபின் வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. பிறர் உதவியைப் பெறக் கூடாது என்பது விதி. வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செந்த் மரி த கம்பான் என்ற சிற்றூரின் கொல்லுலையை அடைந்து, தானே இரும்பைக் காய்ச்சிப் பற்றவைத்தார். துருத்தியை ஊத ஒரு சிறுவன் கைகொடுத்ததற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. ஓடும்போதே சங்கிலியை ஒரு பல்சக்கரத்தில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவியை 1937ஆம் ஆண்டில்தான் அப்பந்தயம் அனுமதித்தது. அதுவரை இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டியவர்கள் அவர்கள். ஏற்றத்தில் நடை என்பது மிதிவண்டிப் பயணத்தோடு சேர்ந்தே பிறந்தது.

நடந்து மட்டுமே கடப்பவர்களின் கணவாய் இன்னும் பழையது. ஆல்ப்ஸில் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், பனியில் வழிதவறுபவர்களைக் காக்கவென்று பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் அமைத்த தங்கும் விடுதி இன்றும் வழிப்போக்கர்களுக்குக் கதவைத் திறக்கிறது. 1800ஆம் ஆண்டு நெப்போலியனின் படை அதே கணவாயைக் கடந்தபோது, பீரங்கிக் குழல்களைக் குடைந்த மரத்தண்டுகளுக்குள் வைத்து மனிதர்கள் இழுத்துச் சென்றார்கள். அங்கு நடப்பவர் இன்று சாலையை விட்டு விலகிப் பழைய பாதையில் ஏறினால், பாதை வெட்டியவர்கள் சரிவை எப்படிக் கணித்தார்கள் என்பது விளங்கும். பொதிவிலங்கு மூச்சு வாங்காமல் ஏறக்கூடிய அளவுக்குப் பாதையை மடித்து மடித்து எடுத்திருப்பார்கள். அந்த மடிப்புகளுக்கு நடுவே குறுக்குவழியாக இறங்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் இறங்கிய தடத்தில் அடுத்தவர் இறங்க, அதன் வழியே மழைநீர் பாய்ந்து, ஐந்தாறு ஆண்டில் பாதையையே அறுத்துவிடுகிறது. இதை நான் ஒரே பாதையில் மூன்று முறை சென்றபோது என் கண்முன்னே பார்த்தேன்.

உயரத்தைப் பற்றிய ஒரு பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டும். லடாக்கின் கர்துங் லா 18,380 அடி உயரத்தில் உள்ள உலகின் மிக உயரமான வாகனச் சாலை என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. நெடுங்காலம் அங்கிருந்த பலகை அப்படித்தான் சொன்னது. ஆனால் அளந்து பார்த்த உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. அதே லடாக்கில் 2021ஆம் ஆண்டு எல்லைச் சாலைகள் அமைப்பு முடித்த உம்லிங் லா சாலை 19,000 அடியைத் தாண்டுகிறது. சில நூறு அடி வேறுபாட்டுக்காக நான் வழக்காடவில்லை. பலகையின் முன் நின்று படம் எடுப்பதற்காகவே ஒரே நாளில் அவ்வளவு உயரத்துக்கு ஏறுபவர்களை இந்த ‘உலகிலேயே உயரமான’ என்ற சொற்கள்தாம் இழுக்கின்றன என்பதே என் கவலை. 2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டரை நெருங்கும்போது ஏறத்தாழப் பாதி. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று மலை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். தலைவலியும் குமட்டலும் தொடங்கிய பின்னும் மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்த நிலையிலேயே மூச்சு வாங்கினாலோ, இரவாக இருந்தாலும் உடனே கீழே இறங்க வேண்டும்.

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா, நடப்பவர்களும் மிதிவண்டியைச் சுமப்பவர்களும் ஒன்றாகச் சேர்ந்து கடக்கும் இடம். விடியலுக்கு வெகுநேரம் முன்பே நெற்றி விளக்கோடு கிளம்புவது அங்கு வழக்கம். பொழுது ஏறினால் உச்சியில் காற்று வலுத்துவிடும். 2014ஆம் ஆண்டு அக்டோபரில், வங்கக் கடலில் இருந்து விசாகப்பட்டினம் அருகே கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் இமயத்தை அடைந்து பெரும்பனியாகக் கொட்டியபோது, அந்தக் கணவாயிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பயணத்துக்கு மிக ஏற்றது என்று சொல்லப்படும் பருவம். கடற்கரையில் கரையேறும் புயலின் செய்தியை மலையேறப் போகிறவரும் படிக்க வேண்டும் என்பதை அன்று நான் கற்றுக்கொண்டேன்.

இப்போது என் கோரிக்கை. மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்கும் காலம் இது. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலையில் 1882ஆம் ஆண்டு 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கமும், 1980ஆம் ஆண்டு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சாலைச் சுரங்கமும், 2016ஆம் ஆண்டு 57 கிலோமீட்டர் அடித்தள ரயில் சுரங்கமும் திறக்கப்பட்டன. அவ்வளவுக்குப் பிறகும், 2,106 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய்க்குத் தெற்கில் இருந்து ஏறும் பழைய திரெமோலா சாலையை, அதன் 24 வளைவுகளோடும் கருங்கல் பாவிய தளத்தோடும், அவர்கள் காத்துவருகிறார்கள். அவசரக்காரர்களுக்குச் சுரங்கமும் புதுச்சாலையும் இருப்பதால் அந்தக் கற்களின் மீது மிதிவண்டிகள் நிதானமாக ஏறுகின்றன. கிரேட் செயின்ட் பெர்னார்டிலும் 1964ஆம் ஆண்டு சுரங்கம் திறந்தபின், மேலே உள்ள கோடைச் சாலை மெல்லச் செல்பவர்களுக்கு உரியதாகிவிட்டது. இமயத்தில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயின் அடியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டு, லாஹௌல் பள்ளத்தாக்குக்குச் செல்லும் போக்குவரத்தின் பெரும்பகுதி கீழே இறங்கிவிட்டது.

ஒவ்வொரு முறை சுரங்கம் திறக்கும்போதும் மேலே உள்ள சாலைக்கு இரண்டு விதிகளில் ஒன்று நேர்கிறது. ஒன்று, பராமரிப்பு நின்று, தடுப்புக்கற்கள் சரிந்து, பாலம் அடித்துச் செல்லப்பட்டு, யாருக்கும் பயன்படாமல் போகிறது. அல்லது இனி நெரிசல் இல்லை என்ற காரணத்தாலேயே வேகப்பிரியர்களின் மோட்டார் வண்டிகளுக்கு ஓடுதளமாகிவிடுகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. சுரங்கத்துக்குச் செலவிடும் பெருந்தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வடிகாலையும் தடுப்புச் சுவரையும் காத்து, அந்தப் பழைய சாலையை நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் விட்டுவிடலாம். அங்கே குடியிருப்பவர்களின் வண்டிகளும் மேய்ச்சலுக்குப் போகும் மந்தைகளும் மீட்பு ஊர்திகளும் வழக்கம்போல் செல்லட்டும். அவற்றால் எங்களுக்கு ஒருபோதும் இடையூறு நேர்ந்ததில்லை.

முழுவதும் விட முடியாத இடங்களில் நேரத்தைப் பங்கிடலாம். ஸ்டெல்வியோவில் ஆண்டுக்கு ஒரு நாள் மோட்டார் வாகனங்களை நிறுத்தி மிதிவண்டிகளுக்கு மட்டும் சாலையைத் திறக்கிறார்கள். இத்தாலியின் தோலோமிட்டி மலைகளில் செல்லா, போர்தோய், கார்தேனா, கம்போலோங்கோ ஆகிய நான்கு கணவாய்களைச் சுற்றி வரும் வளையத்தையும் குறிப்பிட்ட நாள்களில் அப்படி விடுகிறார்கள். பிரெஞ்சு ஆல்ப்ஸில் கோடைக் காலத்தில் சில கணவாய்களுக்குக் காலை வேளை மட்டும் இவ்வாறு ஒதுக்கப்படுகிறது. ஒரே ஒரு முறை அப்படிப்பட்ட காலையில் மிதித்திருக்கிறேன். எஞ்சின் சத்தம் நின்றதும் முதலில் கேட்டது என் சங்கிலியின் ஓசை. அடுத்து, முன்னே போய்க்கொண்டிருந்த ஒரு தாய் தன் மகளுக்கு மூச்சு வாங்கியபடியே ஏதோ சொல்லிச் சிரித்தது. எட்டோ ஒன்பதோ வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வளைவின் வெளிவிளிம்பிலேயே, யாரும் விரட்டாமல், தன் வேகத்தில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள். வாகனங்கள் ஓடும் நாளில் அவளை எந்தப் பெற்றோரும் அங்கே அழைத்து வரமாட்டார்கள்.

தங்கள் நாளிதழிடம் நான் எதிர்பார்ப்பது மிகச் சிறியது. அடுத்த முறை ஒரு கணவாயைப் பற்றி எழுதும்போது, எந்தப் பக்கம் ஏறினால் சரிவு எவ்வளவு, எந்த மாதங்களில் பனியால் மூடியிருக்கும், உச்சியில் பிற்பகல் காற்றும் இடிமழையும் எப்போது தொடங்கும், கடைசியாகக் குடிநீர் கிடைக்கும் இடம் எது, சாலையை விட்டு விலகும் பழைய நடைபாதை எங்கே தொடங்குகிறது என்பவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள். உயரத்தைப் பலகையில் இருந்து எடுக்காமல் நில அளவை வரைபடத்தில் இருந்து எடுத்துத் தாருங்கள். சுரங்கத் திறப்பு விழாச் செய்தியை வெளியிடும் நாளில், மேலே உள்ள பழைய சாலையை என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ஒரு கேள்வியை உரிய அதிகாரிகளிடம் தங்கள் செய்தியாளர் கேட்டுப் பதிலைப் பதிவு செய்யட்டும்.

ஆல்ப்ஸின் உயர்ந்த கணவாய்கள் பெரும்பாலும் ஜூன் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடிவிடுகின்றன. இமயத்தில் பல கணவாய்களுக்கும் கோடையை ஒட்டிய சில மாதங்களே வாய்க்கின்றன. ஆகவே இத்தகைய கட்டுரைகளை மே மாதத்துக்கு முன்பே வெளியிட்டால், வாசகர்கள் உடலைப் பழக்கிக்கொள்ளவும் வண்டியின் பிரேக் கட்டைகளை மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
கணவாய்களை நடந்தும் மிதித்தும் கடக்கும் வாசகர் ஒருவர்